தறிச் சத்தத்தில் பிள்ளை அழுவது கேட்குமா?

"ஏனுங்க, பாப்பா உங்ககிட்டயா இருக்குறா?"

"இல்லியே... உன்கிட்டதான இருந்தா!"

இந்த இரண்டு வரிக்கும் நடுவில் நெஞ்சு ஒரு தடவை நின்று துடிக்குமே, அந்த அனுபவம் இல்லாத பெற்றோர் யாராவது உண்டா? பெரும்பாலும் கட்டிலுக்கு அடியிலோ, பீரோவுக்குப் பின்னாலோ, வாயெல்லாம் பவுடராகக் குழந்தை கிடைத்துவிடும். நாமும் ஒரு அதட்டு, ஒரு முத்தம், அதோடு மறந்துவிடுவோம்.

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையை ஒட்டி இருக்கிறது இளம்பிள்ளை. ஊர்ப் பெயரிலேயே பிள்ளை இருக்கிறது! ஆனால் வெளியூரில் இளம்பிள்ளை என்றால் சேலைதான். கல்யாணச் சேலை, ஆர்ட் சில்க், இப்போது செல்போனில் படம் பார்த்தே ஆர்டர் போடும் சேலை என்று நாடு முழுக்கப் போகிறது. பல குடும்பங்களில் முன்னால் வீடு, பின்னால் தறி. சில வீடுகளில் அந்த முன்னும் பின்னும்கூடக் கிடையாது. தறிக்குப் பக்கத்திலேயே அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்திலேயே தூளி. நீங்கள் தறி ஓட்டாதவராக இருக்கலாம். மாவு மில், தையல் கடை, பலகாரக் கடை, மளிகை என்று வீட்டோடு ஏதாவது தொழில் நடந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கும்தான். தொழிலே இல்லாவிட்டாலும் சமையலறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

நாம் பிள்ளைகளைக் கண்ணால் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் பாதி நேரம் காதால்தான் பார்த்துக்கொள்கிறோம். அம்மா சாதம் வடித்துக்கொண்டிருப்பாள். ஹாலில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டால் ஓடுவாள். அழுகை கேட்டால் ஓடுவாள். அனுபவசாலி அம்மாவாக இருந்தால், சத்தமே வராவிட்டாலும் ஓடுவாள். "என்னமோ பண்ணுது, அதான் சத்தத்தக் காணோம்" என்பது தாய்மார்களின் பழைய சூத்திரம் ஆயிற்றே!

விசைத்தறி ஓடும் வீட்டில் இந்தச் சூத்திரம் செல்லாது. தறிக்கூடத்தின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். பக்கத்தில் நிற்பவர் பேசுவதையே உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சத்தத்தில் பிள்ளை அழுவதும் கேட்காது, அழாமல் இருப்பதும் கேட்காது. காவலுக்கு இருந்த நாய் செவிடாகிவிட்ட மாதிரிதான்.

ஆகவே, "நல்லா கவனமா பாத்துக்கோங்க" என்று நான் அறிவுரை சொல்லப் போவதில்லை. அதை மாமியார் சொல்லியாகிவிட்டது, டாக்டர் சொல்லியாகிவிட்டது, பக்கத்து வீட்டு ஆயா தினமும் சொல்கிறார். கவனம் என்பது களைத்துப்போகிற சாமான். நூல் அறுந்தால் கண் அங்கே போய்விடும். ஆர்டர் அவசரம் என்றால் மனசும் போய்விடும். கதவு களைத்துப் போகாது, மூடி களைத்துப் போகாது, பூட்டு தூங்காது. நாம் பேசப் போவது அவற்றைப் பற்றித்தான்.

கரண்ட் போனால் வரும் ஆபத்து

தறி ஓடும்போது பிள்ளைகள் கொஞ்சம் பயந்தே இருக்கும். கரண்ட் போனதும் என்ன ஆகிறது? பெரியவர்கள் "அப்பாடா" என்று காபி குடிக்க எழுந்துவிடுவார்கள். சத்தம் நின்றுபோன அந்தப் பெரிய பொம்மையைத் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல நேரம் ஏது? பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே குட்டி விரல் போகும். மோட்டார் சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்தால், கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகவே ஓட ஆரம்பிக்கும். விரலா நூலா என்று அதற்குத் தெரியாது.

கரண்ட் போனால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. காபி அப்புறம். இதை வீட்டில் சட்டமாகவே வையுங்கள். கரண்ட் போய் வந்தாலும் நாம் மறுபடி அழுத்தினால்தான் மோட்டார் ஓடும் என்கிற வகை ஸ்டார்ட்டர்கள் உண்டு. உங்கள் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பெல்ட், பல்சக்கரம் எல்லாவற்றுக்கும் கம்பி வலைக் கூடு போட்டுவிடலாம். "காத்து வராதுங்க, மோட்டார் சூடாயிரும்" என்பார்கள். வலைதானே, காற்று தாராளமாக வரும்.

நாடாவையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்த கட்டை அது. பாவில் சிக்கல் விழுந்தால் சில சமயம் தறியை விட்டே தெறித்து வெளியே பறக்கும். அது பறக்கிற உயரம் ஏறக்குறைய மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் முக உயரம். தறியின் பக்கவாட்டில் பிள்ளைக்குப் பாய் விரித்துப் படிக்க உட்கார வைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள். கைத்தறி வைத்திருப்பவர்களுக்கு நாடா பயம் குறைவு, ஆனால் தறிக்குழி இருக்கிறது. வேலை முடிந்ததும் குழிமேல் ஒரு பலகை.

ஒருவேளை விரல் துண்டாகிவிட்டால்? பதறாதீர்கள். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப் போங்கள். ஐஸுக்குள் நேராகப் போட்டுவிட்டால் சதை கெட்டுவிடும், பிறகு ஒட்டவைப்பது கஷ்டம். காபித்தூள், மஞ்சள்தூள் அப்புவது வேண்டவே வேண்டாம்.

கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இருந்தது என்ன?

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. அவசரத்தில் இருப்பவர்கள் இதையாவது படித்துவிடுங்கள்.

நூலுக்குச் சாயம் ஏற்றும் இடத்தில் காஸ்டிக் சோடா இருக்கும், அசிட்டிக் ஆசிட் இருக்கும், ஹைட்ரோஸ் இருக்கும். சாயப்பட்டறையில் மூட்டையிலும் கேனிலும் இருக்கிறவரை பெரிய பிரச்னை இல்லை. அதில் கொஞ்சம் வீட்டுக்கு வருகிறது பாருங்கள், அங்கேதான் வினை. கக்கூஸ் கழுவ, அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாய்க்கு ஊற்ற என்று "கொஞ்சூண்டு குடுங்க" என்று வாங்கி வருகிறோம். எதில் வாங்கி வருகிறோம்? காலியான கூல்டிரிங்ஸ் பாட்டிலில்! அதைக் குளியலறை மூலையில், தரையில் வைக்கிறோம். சாயப்பட்டறையே பார்க்காத நகரத்து வீட்டிலும் இதே கதைதான். தெருவில் லிட்டர் கணக்கில் விற்கும் பினாயிலையும் ஆசிட்டையும் எதில் பிடிக்கிறீர்கள்?

அந்த பாட்டிலில் இதுவரை இனிப்பான தண்ணீர்தான் இருந்திருக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அந்தப் பாட்டில் என்றால் அந்த இனிப்புதான். காஸ்டிக் சோடாச் செதில்களும் பார்வைக்குக் கல்கண்டு மாதிரி, கல் உப்பு மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். இதில் பிள்ளையின் தப்பு எங்கே இருக்கிறது?

ஒரே ஒரு மடக்கு போதும். ஆசிட் சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். காஸ்டிக் அதைவிட மோசம். சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். உதடு, நாக்கு, உணவுக்குழாய் எல்லாம் வெந்துபோகும். முதல் சில நாள் தாண்டினால் பிள்ளை பிழைத்துவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். பிறகு வாரங்கள் போகப்போகப் புண் ஆறும். ஆறும்போது தழும்பு சுருங்கும். தழும்பு சுருங்க உணவுக்குழாயும் சுருங்கும். முதலில் இட்லி இறங்காது, அப்புறம் கஞ்சி இறங்காது, கடைசியில் எச்சில்கூட விழுங்க முடியாது. குழாயை விரித்துவிட மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பி, மாதம் ஒரு தடவை, இரண்டு தடவை என்று வருஷக்கணக்கில். சில பிள்ளைகளுக்கு வயிற்றிலிருந்தோ குடலிலிருந்தோ புதுக் குழாய் அமைக்கும் பெரிய ஆபரேஷன் வரைகூடப் போகும்.

அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கொடுமை வீட்டுக்கு வீடு நடந்தது. அங்கே சோப்புக் காய்ச்சவும் சாக்கடை கழுவவும் காஸ்டிக்கை மளிகைக் கடையில் மற்ற சாமான்களோடு சாமானாக விற்றார்கள். பிலடெல்பியாவில் ஷெவாலியர் ஜாக்சன் என்று ஒரு தொண்டை வைத்தியர். பிள்ளைகள் விழுங்கிய ஊக்கு, பொத்தான், காசு என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை வெளியே எடுத்தவர். அவை இன்றும் அந்த ஊர் மியூட்டர் மியூசியத்தில் இருக்கின்றன. காஸ்டிக் விழுங்கி ஒரு வாரமாகத் தண்ணீர்கூட இறங்காத ஒரு ஏழைச் சிறுமி அவரிடம் வந்தாள். அடைப்பை எடுத்துவிட்டதும் அவள் பயந்து பயந்து ஒரு வாய் குடித்தாள். இறங்கியது. அந்த முகத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

குழாயை விரித்து விரித்து அலுத்துப்போனவர், இது ஆஸ்பத்திரியில் தீருகிற வியாதி இல்லை என்று முடிவு செய்தார். டப்பா மேல் 'விஷம்' என்று பெரிதாக அச்சிடச் சட்டம் வேண்டும் என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1927-ல் அந்தச் சட்டம் வந்தது. பிறகு 1967-ல் கனடாவின் வின்சர் நகரத்தில் ஹென்றி பிரோ என்கிற குழந்தை வைத்தியரின் முயற்சியால் அழுத்தித் திருகினால்தான் திறக்கும் மூடி வந்தது. மாத்திரை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் அந்த ஊரில் மளமளவென்று குறைந்தார்கள். 1970-ல் அமெரிக்கா அத்தகைய மூடியைச் சட்டமாகவே ஆக்கியது.

ஒரு லேபிள், ஒரு மூடி. நாம் என்ன செய்கிறோம்? சில்லறையாக வாங்கி வேறு பாட்டிலில் ஊற்றும்போது அந்த லேபிளையும் அந்த மூடியையும் நம் கையாலேயே கழற்றிப் போட்டுவிடுகிறோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சரி, நடந்துவிட்டால் என்ன செய்வது? வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடுவது, உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுப்பது எதுவும் கூடாது. போகும்போது வெந்த குழாய், திரும்பி வரும்போது இன்னொரு தடவை வேகும். "காரத்துக்குப் புளிப்பு" என்று எலுமிச்சைச் சாறோ மோரோ கொடுக்கும் அரைகுறை விஞ்ஞானமும் வேண்டாம். வாயைத் துடைத்து, தண்ணீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். சட்டையில் கொட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். தோலில், கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 20 நிமிஷமாவது கழுவ வேண்டும். செதிலாக ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு அப்புறம் கழுவுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டருக்கு அந்தப் பாட்டில் உங்கள் அழுகையைவிட அதிகம் சொல்லும். வீட்டில் திட்டுவார்களே என்று குடித்ததை மறைத்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷம், எலி பேஸ்ட். சேலையையும் நூலையும் எலி கடித்தால் நஷ்டம், அதனால் குடோன் வைத்திருக்கிற வீட்டில் எலி மருந்து இல்லாமல் இருக்காது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் ஒரு டியூபில் வரும், பல் பேஸ்ட் மாதிரியே. தமிழக அரசு அதற்குத் தடை போட்டுவிட்டது. ஆனால் தடைக்கு முன்னால் வாங்கிய டியூப் உங்கள் பரணில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கெட்ட குணம், தின்ற பிள்ளை முதல் இரண்டு நாள் ஒன்றுமே ஆகாத மாதிரி விளையாடும். அப்புறம்தான் ஈரல் கெட்டு மஞ்சள் காமாலையாக வெளிப்படும். "நல்லாத்தான இருக்கான்" என்று காத்திருக்கக் கூடாத விஷம் இது. எலிக்கு வேறு வழி இருக்கிறது. பொறி வையுங்கள்.

தண்ணீர், நெருப்பு, நாணயம்போல் ஒரு பேட்டரி

தண்ணீரைப் பற்றி ஒரே விஷயம். ஒரு வயதுப் பிள்ளைக்குத் தலைதான் கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் நிமிர முடியாது. அரை அடித் தண்ணீர் போதும். சினிமாவில் மாதிரி கையைக் காலை உதைத்துக் கத்திக் கூப்பிடுவதெல்லாம் நடக்காது, சத்தமே வராது. தறியே ஓடாத அமைதியான வீட்டிலும் காது உதவாத ஆபத்து இது. இரவு பிடித்து வைக்கும் வாளிக்கு மூடி, தரைத் தொட்டிக்குப் பூட்டு, சாயத் தொட்டிக்குக் கனமான பலகை.

வாளியில் ஹீட்டர் கம்பியைப் போட்டுவிட்டு வாசலில் பேசப் போகும் பழக்கம் உள்ளவர்கள் கதவை வெளியே தாழ் போட்டுவிட்டுப் போங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கம்பியையும் தண்ணீரையும் தொட வேண்டும். குழம்பு, காபி, சாயத் தண்ணீர் எது கொட்டினாலும் மருந்து ஒன்றுதான். சாதாரணக் குழாய்த் தண்ணீர், 20 நிமிஷம். புண் பட்ட இடத்தை மட்டும் தண்ணீரில் காட்டுங்கள், மற்ற உடம்பைப் போர்த்துங்கள். சின்னப் பிள்ளை குளிரில் விறைத்துவிடும். வளையல், அரைஞாண் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். பேஸ்ட், இங்க், மாவு, நெய், ஐஸ் எதுவும் வேண்டாம்.

ரிமோட்டில், பொம்மையில், தெர்மாமீட்டரில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறதே, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் ஓட்டை போடும் அளவுக்குச் சுட்டுவிடும். காசு விழுங்கிய கதை வேறு, இது வேறு. வாழைப்பழம் கொடுத்துக் காலையில் வெளியே வருகிறதா என்று பார்க்கிற வேலை இதில் ஆகாது. அந்த நிமிஷமே எக்ஸ்ரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற பிள்ளையாக இருந்தால், போகும் வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. அது சூட்டைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் தேன் தேடுகிறேன் என்று நேரத்தை வீணாக்காதீர்கள். சேலைக்கு ஒட்டும் கல், மணி, வேர்க்கடலை, புளியங்கொட்டை எல்லாம் மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடிய சைஸ். நான்கு வயதுவரை முழு வேர்க்கடலையைக் கொடுக்காதீர்கள், இடித்துக் கொடுங்கள்.

சேலை ஊரின் தூளி

சேலை நெய்கிற ஊரில் தூளிக்கா பஞ்சம்? அம்மாவின் பழைய சேலையில் தூங்குகிற சுகம் எந்தத் தொட்டிலிலும் வராது. நான் தூளிக்கு எதிரி இல்லை.

ஆனால் தூளியில் ஆபத்து பெரும்பாலும் தூங்குகிற கைக்குழந்தைக்கு இல்லை. அதன் அக்காவுக்கு, அண்ணனுக்கு. எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளை, பாப்பா எழுந்த பிறகு காலித் தூளியில் உட்கார்ந்து கிறுகிறுவென்று சுற்றும். சேலை முறுக்கிக்கொண்டே போகும். கழுத்து உள்ளே மாட்டிக்கொண்டால் கூப்பிடவும் குரல் வராது. தமிழ்நாட்டில் இப்படிப் பறிபோன உயிர்கள் பல. செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தியாக வந்து போய்விடுகிறது. பெரிய பிள்ளைக்கு என்ன ஆகப் போகிறது என்று நாம் அசந்து இருக்கும் இடம் இது. பாப்பாவைத் தூக்கினதும் தூளியை மடித்து முடிச்சுப் போட்டு உயரத்தில் தூக்கிக் கட்டிவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

அதே சேலையும் துப்பட்டாவும் வண்டிச் சக்கரத்தில் சிக்குவது வேறு. பைக்கில் பிள்ளையைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைப்பதை இன்னும் செல்லம் என்றே நினைக்கிறோம். மத்திய அரசின் 2022-ம் வருஷ விதிப்படி ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரை உள்ள பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் கட்டாயம், வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது அமலில் இருக்கிறது. சேலம் ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றால் எத்தனை பேர் அப்படிப் போகிறார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

மூடாமல் விட்ட குழாய்

2019 அக்டோபர் 25. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை, வீட்டை ஒட்டிய நிலத்தில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது. நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து பிரார்த்தனை செய்தது. இயந்திரங்கள் வந்தன, மந்திரிகள் வந்தார்கள். 29-ம் தேதி அதிகாலை உயிரற்ற உடலைத்தான் எடுக்க முடிந்தது.

அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 2010-ல், உச்ச நீதிமன்றம் இதற்கு விதி வகுத்துவிட்டது. போர் போட 15 நாள் முன்பு தகவல் சொல்ல வேண்டும், போடும்போது சுற்றி வேலி கட்ட வேண்டும், குழாய் வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டு செய்யவோ திருகு மூடி போடவோ வேண்டும், கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கென்று 2015-ல் தனி விதிகளும் வந்தன. காகிதத்தில் மூடி இருந்தது. குழாயில்தான் இல்லை.

நம் சேலம், நாமக்கல் வறண்ட சீமை. ஆயிரம் அடி போட்டும் காற்று மட்டும் வரும் போர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கின்றன. பணமும் போச்சு, தண்ணீரும் வரலை என்கிற வெறுப்பில் மேலே ஒரு சாக்கைப் போட்டுக் கல்லை வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். மேலாக மண்ணைத் தள்ளி மூடுவதும் போதாது. மழைக்கு மண் உள்ளே இறங்கி மறுபடி வாய் திறக்கும். உங்கள் தாத்தா காலத்துத் தோட்டத்தில், நீங்கள் வாடகைக்கு விட்ட காலி மனையில் எத்தனை போர் இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

விதியா, வேலையா?

ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் "கண்ணு பட்டுருச்சு" என்போம், "நேரம்" என்போம். பெற்றவள் மேல் பழியும் போடுவோம், "இவ எங்க போயிருந்தா?" என்று. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. விபத்து என்கிற சொல்லே, ஏதோ யாராலும் தடுக்க முடியாதது மாதிரி காட்டுகிறது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-ல் அந்த வார்த்தையைத் தன் பக்கங்களிலிருந்தே விலக்கி வைத்தது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2008-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத்தில் தினமும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படி இறக்கிறார்கள். தெரிந்த வழிகளைச் செய்தாலே அதில் பாதிப் பேரைக் காப்பாற்றிவிடலாம் என்று அதே அறிக்கை சொல்கிறது.

சரி, தறியையும் ஓட்ட வேண்டும், பிள்ளையையும் பார்க்க வேண்டும். ஒரு மனுஷிக்கு இரண்டு கைதானே? வங்காள தேசத்துக் கிராமங்களில் குளம் குட்டைகளில் மூழ்கும் பிள்ளைகள் அதிகம். எந்த நேரத்தில் என்று கணக்கெடுத்தார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் ஒரு மணிக்குள்தான் பெரும்பாலும். அம்மா சமையலில், அப்பா வயலில் இருக்கிற நேரம். உடனே ஊருக்குள்ளேயே ஒரு பெண்மணியைப் பிடித்து, கொஞ்சம் பயிற்சி கொடுத்து, அந்த நான்கு மணி நேரம் மட்டும் இருபது இருபத்தைந்து பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் செய்தார்கள். 'ஆஞ்சல்' என்று பெயர், சேலைத் தலைப்பு என்று அர்த்தம். அங்கே போன பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குறைந்தது.

நமக்கு அங்கன்வாடி இருக்கிறது. சத்துமாவு வாங்க மட்டும் போகிற இடம் என்று நினைக்காமல், தறி ஓடும் நேரத்துக்கு இரண்டு வயது தாண்டிய பிள்ளையை அங்கே அனுப்புங்கள். அதைவிடச் சின்னதுகளுக்கு, தெருவில் நாலு தறி வீடு சேர்ந்து, தறி இல்லாத வீட்டு ஆயா ஒருவரிடம் மாதம் இவ்வளவு என்று பேசி ஒப்படைக்கலாம். சும்மா பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், காசு கொடுங்கள். தார் சுற்றக் கூலி கொடுக்கிற நாம் இதற்குக் கொடுக்கக் கூடாதா?

அதுவரைக்கும் வீட்டுக்கும் தறிக்கும் நடுவே ஒரு அரைக்கதவு. ஆசாரியிடம் சொல்லி மூன்றடி உயரத்துக்கு அடித்து வாங்குங்கள். குறுக்குச் சட்டம் வைத்தால் பிள்ளை அதில் கால் வைத்து ஏறிவிடும், அதனால் எல்லாச் சட்டமும் நெட்டுக்குத்தாக இருக்கட்டும். சட்டத்துக்குச் சட்டம் நான்கு அங்குலத்துக்கும் குறைவான இடைவெளி, இல்லாவிட்டால் தலையை விட்டுக்கொள்ளும். தாழ்ப்பாள் தறிப் பக்கம் இருக்கட்டும். வீட்டுப் பக்கம் வைத்தால் ஒரே வாரத்தில் திறக்கப் பழகிவிடுவார்கள்.

மொட்டை மாடிக் கைப்பிடிக்கும் இதே அளவுதான், உயரம் மட்டும் கூட வேண்டும். அங்கே காற்றாட நூல் மூட்டையைச் சுவரை ஒட்டிச் சாய்த்து வைத்திருப்பீர்களே, அதை இன்றைக்கே நகர்த்திவிடுங்கள். பிள்ளைக்கு அது படி.